ஜூனிலிருந்து

ஜூன்ல இருந்து ஆதிரை வேற ஸ்கூல் போறா. இப்படிச் சொல்லிவிடலாம். லிஃப்ட் மேலே வந்து சேரும்வரை தாட்சாயணி அந்த வரியை வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். ஸ்ட்ரோலரில் அகிலன் கால் இரண்டையும் உயர்த்தித் தன் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதக் குழந்தைக்கு மத்தியானத் தூக்கம் ஏன் இப்படி அரைகுறையாகப் போகிறது, இவன் தூங்கினால்தானே தான் தூங்குவது. லிஃப்டின் எவர்சில்வர் சுவரில் தலையைச் சாய்த்தால் அப்படியே கண் சொருகிவிடும் போலிருந்தது. போறா என்று முடித்தால் மகள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போவதுபோல இருக்கிறது. சேர்த்திருக்கோம் என்றால் நிர்மலையும் துணைக்கு இழுத்து முன்னால் நிறுத்துவதுபோல. சேர்த்துட்டேன். அதுதான் நடந்தது, மார்கழியில் ஒரு மத்தியானம் இவனை மடியில் போட்டுக்கொண்டே போனில் விண்ணப்பித்தது அவள்தான், நிர்மல் ஆபீஸிலிருந்து வந்த பிறகுதான் சொன்னாள், அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே "அப்பாடா" என்றான். அந்த அப்பாடா இன்னும் காதில் நிற்கிறது. அவ்வளவு நாளும் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, உன் இஷ்டம், நீதானே பாத்துக்கறே, என்றுதான் சொல்லிவந்தான், அந்த அப்பாடாவை எங்கே வைத்திருந்தான் என்று அன்றைக்கு அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இப்போது தினமும் கேட்கிறான், சொல்லிட்டியா, அந்த மேகலாகிட்டயாவது சொல்லிட்டியா. இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று காலையில் சொல்லியிருந்தாள். நேற்றும் சொல்லியிருந்தாள்.

கீழே இறங்கி, செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட, காளவாய்த் தெருவின் பங்குனி வெயில் ஒரே அடியாக முகத்தில் விழுந்தது. சுண்ணாம்பு சுட்ட காலத்தில் வந்த பெயராம். அதற்கப்புறம் இங்கே ஐஸ் ஃபேக்டரி இருந்ததாம், அந்த இடத்தில்தான் இப்போது இந்தப் பதினோரு மாடி. ஃப்ளாட் வாங்கும்போது இதெல்லாம் யாரும் சொல்லவில்லை, தெருக்காரி மேகலாதான் சொன்னாள், அவள் அப்பா அந்த ஃபேக்டரியில் பார் ஐஸ் இழுத்தவர். ஒரு கார் வந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்னால் போக வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் வாசற்படிகள், நிறுத்திய பைக்குகள், உலர்த்தப் போட்ட துணி, அதற்கு நடுவே நான்கு சக்கரம் வைத்த ஒரு குழந்தை வண்டி. வந்த புதிதில் தெருப்பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவருவார்கள், ஒரு பையன் இதுக்கு ஹார்ன் இல்லியா என்று கேட்டான். அப்போது நன்றாகத்தான் இருந்தது. தீபாவளி கழிந்த வாரம்தான் கெட்டது. அவளும் அபார்ட்மென்டில் இருக்கும் ரஞ்சனியும் இன்னொருத்தியும் சாயங்காலம் மூன்று வண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பேச்சு சுவாரசியம், சிண்டெக்ஸ் டேங்க் அருகே வரிசையாக வைத்திருந்த குடங்களில் ஒன்று சக்கரம் பட்டுச் சாய்ந்தது, நிரம்பின குடம், தண்ணீர் அவள் செருப்பு வரைக்கும் வந்தது. குடத்துக்காரி நிமிர்ந்து "தெரு என்னா உங்க வூட்டு ஹாலா" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. தாட்சாயணி மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ரஞ்சனி பதில் சொல்லிவிட்டாள், அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்கு பேர் பதில் சொன்னார்கள். மறுநாள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் ஒரு போட்டோ. ஈரத் தரையில் ஒரு ஸ்ட்ரோலர் சக்கரம், பக்கத்தில் உருண்டு கிடக்கும் குடம், கீழே 'நம் குழந்தைகளுக்கு இந்தத் தெருவில் என்ன பாதுகாப்பு?'. அது அவளுடைய ஸ்ட்ரோலர். அந்தச் சக்கரத்துக்கு மேலே அகிலன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தப் போட்டோவைக் காட்டிப் புகார் போனதில் பொங்கல் வருவதற்குள் டேங்க் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் அது என் வண்டி, தப்பு என் மேலே என்று குரூப்பில் போடவில்லை, போட வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தாள், பிறகு அகிலனுக்குச் சளிக் காய்ச்சல் வந்துவிட்டது. இப்போதும் தெருக்கோடியிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற யாரைப் பார்த்தாலும் கண் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. சாக்கடை மூடியில் முன்சக்கரம் சிக்கியது. ஒரு கையால் தூக்கி நகர்த்தினாள், அடிவயிற்றில் பிரசவ ஆபரேஷன் செய்த இடம் சுருக்கென்றது.

அந்தக் குடத்துக்காரிதான் மேகலா. அதுவரை ஷாலுவைப் பாட்டிதான் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தாள், அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள், ஒருத்தி கையில் ஆதிரை, ஒருத்தி கையில் ஷாலு, இரண்டும் ஒன்றாம் வகுப்பு, இரண்டும் அம்மாக்களின் கையை உதறிக்கொண்டு ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. மேகலா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அபார்ட்மென்ட்லேந்து ஒருத்தங்கன்னாங்களே, அது நீங்கதானா. நீங்க இங்கயா போட்டிருக்கீங்க" என்றாள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். லிஃப்டில் கேட்டார்கள், பால் பூத்தில் கேட்டார்கள், திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் போன் செய்து கேட்டான், கம்பெனியில ஏதும் பிரச்சினையா, சொல்லக் கூடாதா என்று. பக்கத்துலேயே இருக்கு, டீச்சர் நல்லா சொல்லித் தராங்க, என்பது அவள் எல்லாருக்கும் வைத்திருந்த பதில். அது பொய்யில்லை. ஆனால் அப்படி யோசித்தெல்லாம் அவள் சேர்க்கவில்லை. வயிற்றில் அகிலன், கால் இரண்டும் வீங்கி, வெயிலில் எங்கோ போய்விட்டுத் திரும்பும்போது தலை சுற்ற, இந்தக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். ஹெச்.எம். குளோரி டீச்சர் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். மோரைக் குடித்து நிமிர்ந்தால் ஆதிரையைக் காணோம், வகுப்பில் போய்ப் பிள்ளைகளோடு வட்டத்தில் உட்கார்ந்து ஏதோ பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருக்கிறாள், வா என்றால் வரவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் கொள்கை எதுவும் இல்லை. கொள்கை எல்லாம் மற்றவர்கள் கொண்டுவந்து போட்டது. ஆகஸ்ட் பதினைந்துக்குக் குளோரி டீச்சர் கைக்குழந்தையோடு அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து மைக்கில் சொன்னார், எதிரே இருக்கிற அபார்ட்மென்டிலிருந்தே நம்ம பள்ளியை நம்பி வந்திருக்காங்க. எல்லாரும் கை தட்டினார்கள். அதைக் கேட்டு மெயின் ரோடு மெட்ரிக் பள்ளியிலிருந்து நான்கு வீட்டுப் பிள்ளைகள் இங்கே திரும்பி வந்தார்கள், டீச்சர் அதைச் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம், அந்த ரோட்டைச் சின்னப் பிள்ளைகள் எப்படித் தாண்டும், பஸ் நிற்காமல் வருகிற ரோடு. நீங்க வந்தது பெரிய விஷயம்மா. பெரிய விஷயம். அன்றிலிருந்து அவள் பெரிய விஷயமாக இருந்துகொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் குழாய் உடைந்தால் அபார்ட்மென்டில் அவளைப் பார்க்கிறார்கள். ஆதிரைக்குத் தலையில் பேன் வந்தபோது பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வாரினாள், பேனுக்காக யார் பள்ளியை மாற்றுவார்கள், பெரிய பள்ளியிலும்தான் பேன் வருகிறது. ஆனால் கதவைச் சாத்தினாளே, அதுதான். ஆதிரை ஒரு நாள் தெருவில் கேட்ட கெட்ட வார்த்தை ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் ராகம் போட்டுச் சொன்னாள், நிர்மல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். ஐந்தாவது மாடியில் பிறந்தநாள், ப்ளே ஏரியாவில் விளையாடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அழைப்பு, ஆதிரைக்கு இல்லை. மறந்துட்டாங்களா இருக்கும் என்று ஆதிரையே சொன்னாள். மறந்துட்டாங்களா இருக்கும். ஆறு வயசுக் குழந்தை அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டிருந்தது. கிண்டல் செய்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். பாராட்டுகிறவர்கள்தான் தாங்க முடியவில்லை, உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா நாடு எங்கயோ போயிடும் என்று அசோசியேஷன் செக்ரட்டரி லிஃப்டில் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே பள்ளிக்கூட வாசலை மாற்ற மனு கொடுத்தார். பள்ளி வாசல் அபார்ட்மென்டின் கார் கேட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது, பள்ளி விடும் நேரத்தில் கார் எடுக்க முடியவில்லை, பின்சந்துப் பக்கம் வாசலைத் திறந்துகொள்ளட்டும். பின்சந்தில் குப்பைத்தொட்டியும் டிரான்ஸ்பார்மரும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர். அதைச் சொன்னவர்களுக்கு அது தெரியாது, பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. பள்ளி மோசமில்லை. ஆதிரை எழுத்துக்கூட்டிக் கடைப் பலகையெல்லாம் படிக்கிறாள், காலையில் அங்கே போடும் ரவா கிச்சடிக்காக வீட்டுத் தோசையை வேண்டாம் என்கிறாள். எந்தக் காரணமும் இல்லை. அசதி ஒன்றுதான். அசதியாக இருக்கிறது, அதனால் என் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றுகிறேன் என்று ஒருத்தி சொன்னால் அதைக் காரணம் என்று யார் எடுத்துக்கொள்வார்கள். மேகலாவுக்கு அசதி இல்லையா. மெடிக்கல் ஷாப்பில் காலை முழுக்க நின்றுகொண்டே பில் போட்டுவிட்டு வருகிறாள், வந்து தண்ணீர் பிடிக்கிறாள், மாலையில் மறுபடி போகிறாள். அவளிடம் போய் எப்படி.

பள்ளிக்கூட மதிலோரப் புங்கமர நிழலில் அம்மாக்கள் கூடியிருந்தார்கள், கூட்டிப் போக வந்த ஆட்டோக்கள் இரண்டு தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. மேகலா இவளைப் பார்த்ததுமே வந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிழலுக்குள் வைத்தாள், தூக்கிய கையோடு அகிலனின் கன்னத்தைத் தட்டினாள். சொல்லிவிடு, இப்போதே, மற்றவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார்கள். மேகலா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்படி ஆரம்பித்தால் ஏதோ சாவுச்செய்தி போல இருக்குமோ. "வெயிலு தாங்கலல்ல" என்றாள் தாட்சாயணி. "இப்பவே இப்பிடின்னா சித்திரைல எப்பிடியோ. மொகமே வாடிப்போச்சு உங்களுக்கு, தூங்கலியா" என்றாள் மேகலா. இந்தப் பெண் இவளைவிட ஒரு வயது பெரியவளாகவே இருப்பாள், இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், வேண்டாம் என்று சொல்லியும் மாற்றவில்லை. மேகலா சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் கவுன்சிலர் ஸ்கூலுக்கே வராரு. வாசல் விஷயமா. உங்க அசோசியேஷன்காரங்களும் வராங்க. நீங்க ரெண்டு வார்த்த பேசுங்கக்கா." தாட்சாயணி ஸ்ட்ரோலரின் துணிக்கூரையை இழுத்துவிட்டாள், அது ஏற்கனவே இழுத்துத்தான் இருந்தது. "நானா, நான் என்ன பேச." "நாங்க பேசுனா சண்டைக்கு வந்துட்டாங்கம்பாங்க. அதையே நீங்க பேசுனா காது குடுத்துக் கேப்பாங்க. பின்சந்துல புள்ளைங்க எப்பிடி வரும், நீங்கதான் பாத்திருக்கீங்களே. ஒரு தாயா சொல்லுங்க. இந்த ஸ்கூலு புள்ளையோட தாயா." கடைசி வார்த்தைகளை அவள் கொஞ்சம் நிறுத்திச் சொன்னதுபோல இருந்தது. இருந்ததா, அல்லது இவள் காதுக்கு அப்படிப் பட்டதா. மேகலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறவள்போல. இதுதான் நேரம். ஜூன்ல இருந்து. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது, ஜூ என்ற ஒலிக்கு வாய் குவிந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து அகிலன் தும்மினான், இருவரும் குனிந்தார்கள், "நூறு வயசு" என்றாள் மேகலா. "பாக்கறேன் மேகலா" என்றாள் தாட்சாயணி. பாக்கறேன். என்ன ஒரு வார்த்தை. வரமாட்டேன் என்பதையும் வருவேன் என்பதையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவைக்கிற வார்த்தை. அபார்ட்மென்டில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், அவளுக்கும் எப்போது தொற்றியது.

எதிர் கேட் திறந்து வெள்ளைக் கார் ஒன்று மூக்கை நீட்டியது. ரஞ்சனி. ஆட்டோக்கள் நகர இடமில்லை, ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து பின்னால் பார்த்துக் கையை விரித்தார், ஹார்ன் ஒருமுறை அடித்தது, பிறகு இருமுறை. மதிலோரத்துப் பெண்கள் யாரும் நகரவில்லை. அவர்கள் நகர்ந்தாலும் கார் போக முடியாது, ஆனால் நகராமல் நின்ற விதத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. தாட்சாயணி எந்தப் பக்கமும் பார்க்காமல் அகிலனின் ஷூவைச் சரிசெய்தாள். இப்படியே குனிந்துகொண்டே இருந்துவிட்டால், கார் போகிறவரை, கூட்டம் கலைகிறவரை, ஜூன் வருகிறவரை. கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. "தாட்சா, நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்களேன், ஆட்டோவெல்லாம் ஓரமா போடச் சொல்லி. டெய்லி இதே கதை." ஏசிக் குளிர்ச்சி ஜன்னல் வழியே வந்து கையில் பட்டது, அந்த ஒரு நொடி உடம்புக்கு இதமாக இருந்தது, இருந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ரஞ்சனி கெட்டவள் இல்லை. பிரசவத்துக்கு அப்புறம் பத்து நாள் பத்தியச் சாப்பாடு கொடுத்தனுப்பியவள், மார்கழியில் அந்தப் பள்ளியின் விண்ணப்பத்தைப் போனில் அனுப்பியதும் அவள்தான். இப்போதும் அவள் முகத்தில் நிஜமான அனுதாபம்தான் இருந்தது. "பாவம், கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இந்த வெயில்ல வந்து நிக்கறீங்க. இன்னும் ரெண்டு மாசம்தானே. ஜூன்ல இருந்து ஆதிரையும் எங்க ரித்விக்கோட வேன்ல போயிடுவா. வேன் உள்ளயே வந்து ஏத்திக்கும், நீங்க லிஃப்ட்ட விட்டு இறங்கினா போதும்." ஆட்டோ ஒன்று எப்படியோ பின்வாங்கியது. கார் போய்விட்டது. அவள் இத்தனை நாள் உருட்டிக்கொண்டிருந்த வரி, எந்தச் சிரமமும் இல்லாமல், இன்னொருத்தி வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்து விழுந்துவிட்டது.

 சண்டை வரும் என்று அவள் எதிர்பார்த்தாளா, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், தெரு என்னா உங்க வூட்டு ஹாலா என்பதுபோல ஒரு கேள்வி வந்திருந்தால் அதற்குத் தலை குனிந்து நின்றிருக்கலாம். மெட்ரிக் பள்ளியிலிருந்து பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேகலா மட்டும் திடுக்கிடவில்லை. நழுவி விழுந்த அகிலனின் துண்டை எடுத்து உதறி வண்டியில் போட்டாள், "பெல் அடிக்கப் போவுது" என்றாள், கேட்டின் அருகே போய் நின்றுகொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும், விளக்க வேண்டும், ஆனால் எதை. அப்போதுதான் நஸ்ரின் பக்கத்தில் வந்தாள், இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா, நான்கு வீடுகளில் அவள் வீடும் ஒன்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, அந்த ஸ்கூல்ல ஃப்ரீ சீட்டு குடுக்கறாங்களாமே, சின்னவனுக்கு எல்கேஜிக்கு எப்ப அப்ளிகேஷன் போடணும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா. அங்க கெடச்சிட்டா பெரியவனையும் பக்கத்துல வேற எங்கயாச்சும் மாத்திடுவேன், ரெண்டு எடத்துக்கு அலைய முடியாது" என்றாள். கோபமே இல்லை அவளிடம். தாட்சாயணிக்கு அந்தச் சாதாரணக் குரல்தான் தைத்தது. இவ்வளவுதான், இப்படித்தான் நடக்கும், யாரும் யாரையும் திட்டாமல், ஒருவர் பின் ஒருவராக, சின்னவனுக்கு, பெரியவனுக்கு. குளோரி டீச்சர் பிடித்துக்கொண்ட கை ஈரமாக இருந்தது அன்றைக்கு. "கேட்டுச் சொல்றேன்" என்றாள். மணி அடித்தது.

ஆதிரை வெளியே வரும்போதே ஒரு சாக்ஸ் இறங்கி, கையில் சாக்பீஸ் தூள், ஷாலுவோடு ஏதோ கடைசி ரகசியத்தை முடித்துவிட்டு வந்து ஸ்ட்ரோலரின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தெருவைக் கடந்தால் கேட், அவ்வளவு பக்கத்து வீடு. தாட்சாயணி நேரே போகாமல் மதிலை ஒட்டியே கொஞ்ச தூரம் நடந்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நிழல் இருந்தது, அதனாலாக இருக்கும். மேகலாவுக்கு ஒரு வரி, டீச்சருக்கு ஒரு வரி, அண்ணனுக்கு ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று, இத்தனை நாளாக எத்தனை வரிகள் செய்து வைத்திருக்கிறாள், பக்கத்தில் நடந்து வருகிற இந்தப் பிள்ளைக்கு என்று ஒன்று செய்யவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும், யூனிஃபார்ம் வாங்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு என்ன, இரண்டு நாளில் பழகிவிடும். அப்படித்தான் நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததாகக்கூட நினைவில்லை. "ஆதி, அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஜூன்ல இருந்து..." "தெரியும்" என்றாள் ஆதிரை. மதிலில் விரலை இழுத்துக்கொண்டே வந்தாள், காரை பெயர்ந்த இடத்தில் விரல் குதித்துக் குதித்துப் போயிற்று. "என்ன தெரியும்?" "ரித்விக் ஸ்கூல். நீலக் கலர் டை. அவன்தான் சொன்னான்." "எப்ப சொன்னான்?" "பொங்கல் லீவுல. ஊஞ்சல்கிட்ட." பொங்கல் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு மாதமும் இந்தப் பிள்ளை காலையில் எழுந்து, தலை வாரிக்கொண்டு, கிச்சடி சாப்பிட்டு, ஷாலுவோடு கை கோத்துக்கொண்டு. "அப்பவே ஏன் அம்மாகிட்ட கேக்கல?" ஆதிரை விரலை ஊதிச் சுண்ணாம்பைத் தட்டினாள். "நீ டயர்டா இருந்தே" என்றாள்.

தாட்சாயணி நின்றுவிட்டாள். வண்டியும் நின்றதால் அகிலன் சிணுங்கினான், கை தன்னிச்சையாக வண்டியை முன்னும் பின்னும் ஆட்டியது. அன்றைக்கு மட்டும் டயர்டாக இருந்தேன் என்று நினைத்தாளா, அல்லது ஒவ்வொரு நாளும் கேட்க வந்து முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளா, எத்தனை தரம் வந்தாள், அப்போதெல்லாம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் அசதியைத் தன்னோடுதான் வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தாளே, வீடு முழுக்க அல்லவா அது பரவிக் கிடந்திருக்கிறது, பிள்ளை அதை மிதிக்காமல் ஓரமாக நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. "யார்கிட்டயாவது சொன்னியாடா?" என்று கேட்டாள். "ஷாலுகிட்ட மட்டும். அவ அவங்கம்மாகிட்ட சொல்லிட்டா. ஷாலு அம்மா என்னக் கூப்பிட்டு, வேற யார்கிட்டயும் சொல்லாத கண்ணு, உங்கம்மாவே சொல்லுவாங்கன்னாங்க." அப்படியானால் இன்றைக்கு நிழலுக்குள் வண்டியைத் தூக்கி வைத்தபோது, நேற்று, போன வாரம், இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும், வெயில் அதிகம் என்றும் கொசு அதிகம் என்றும் இவள் பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம், அவள் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஸ்கூலு புள்ளையோட தாயா. நிறுத்தித்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் வண்டியைத் திருப்பினாள். பள்ளி வாசலில் கூட்டம் அநேகமாகக் கலைந்துவிட்டது, மேகலா ஷாலுவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள், இவள் திரும்பி வருவதைப் பார்த்து நின்றாள். "மேகலா, ஜூன்ல இருந்து ஆதிரை வேற ஸ்கூல். நான்தான் சேர்த்தேன்." அவ்வளவு நாள் வாய்க்குள் சிக்கிக்கிடந்தது, இப்போது வெறும் செய்தியாக வந்தது, கேட்கிறவளுக்குப் பழைய செய்தி. "ம்" என்றாள் மேகலா. "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது." "தெரிஞ்சிருந்தா மட்டும் என்னா." பையின் பட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "உங்களக் காப்பாத்தணும்னு நான் வாய மூடிகினு இருக்கலக்கா. நான் சொல்லியிருந்தா அந்த நாலு வூட்டுக்காரங்களும் அன்னிக்கே புள்ளைய நிறுத்தியிருப்பாங்க. அதான் சொல்லல. நஸ்ரின் வந்து கேட்டாளா உங்கள?" "கேட்டாங்க." "கேப்பா. நாளைக்கு இன்னொருத்தி கேப்பா." அவள் குரலில் முதல் தடவையாகக் கோபம் வந்தது, வந்ததும் அவளே அதை விழுங்கிக்கொண்டாள். ஷாலுவும் ஆதிரையும் வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அகிலனுக்கு விரல்களால் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டாள் தாட்சாயணி.  "வந்து?" "வாசல மாத்தக் கூடாதுன்னு சொல்றேன். பின்சந்து எப்படி இருக்கும்னு சொல்றேன்." "உங்க பொண்ணே போவுதேன்னு உங்க ஆளுங்களே கேப்பாங்க." "கேப்பாங்க." "அப்ப என்னன்னு சொல்வீங்க?"  வெயிலில் கண் கூசியது. "ஸ்கூல் நல்லாத்தான் இருக்கு, என்னாலதான் முடியலன்னு சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, இதை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால், செக்ரட்டரி முன்னால், குளோரி டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைத்தாள். மேகலா உதட்டைப் பிதுக்கினாள். "அத வச்சிகினு யாருக்கு என்னா ஆவப்போவுதோ" என்றாள். பிறகு ஷாலுவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டே, "வரதுன்னா வாங்க. பாக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். "வரேன்." மேகலா தலையை அசைத்தாளா இல்லையா என்று தெரியவில்லை, மகளை இழுத்துக்கொண்டு தெருக்கோடிப் பக்கம் நடந்து போனாள்.

சொல்லி முடித்துவிட்டால் உடம்பு கொஞ்சம் இலேசாகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கண் அப்படியேதான் எரிந்தது, இடுப்பு அப்படியேதான் வலித்தது, அகிலன் பசிக்கு அழ ஆரம்பித்துவிட்டான். நிர்மல் வந்ததும் சொல்லிட்டியா என்று கேட்பான், சொல்லிட்டேன் என்றால் அப்பாடா என்பான், நாளைக்கு இப்படி எழுந்து நிற்கப்போகிறேன் என்று சொன்னால் என்ன சொல்வான், உன் இஷ்டம் என்பான். தெருவின் குறுக்கே வண்டியைத் தள்ளினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த ஆதிரை அவள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள், மறுபடி பார்த்தாள். "கேளு" என்றாள் தாட்சாயணி. "டயர்டாதான் இருக்கேன். பரவால்ல, கேளு." ஆதிரை கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு நீ பேசறப்ப நானும் வரட்டுமா?" வேண்டாம், நீ எதுக்கு அங்கெல்லாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குக் காரணம் தேடவும் அசதியாக இருந்தது. "வா" என்றாள்.